பேக்கரி அடுப்பில் ஒரு பந்தய என்ஜின்

போன வாரம் இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற விருதுநகர் ரீபோர் பட்டறையிலிருந்து கார்த்திகா பேசினாள். இப்போது என் மெஷினில் நிற்பவள் அவள்தான்.

“அக்கா, ரேஸ் காருக்கு ஒரு என்ஜின் ப்ளாக் வந்துருக்கு. வெளிநாட்டுச் சரக்கு. பெட்டியப் பிரிச்சா கண்ணாடி மாதிரி மின்னுது. நேரா பாகமெல்லாம் மாட்ட ஏத்திரலாமா?”

“ஏ, தொடாத! அப்படியே பெட்டிய மூடு!” என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்த பிறகும் எனக்கு ஆறவில்லை. கை பரபரத்தது. சில ஆண்டுகளுக்கு முன்னால் இதே மாதிரி ஒரு பெட்டியை நாங்கள் பிரித்த நாளும், அதன் பிறகு நடந்ததும் கண்முன் ஓடத் தொடங்கின. “எல்லாத்தையும் எழுதிக் குடுங்கக்கா” என்றாள் கார்த்திகா. எழுதுகிறேன்.

எனக்கு ஊர் ஏழாயிரம்பண்ணை. வீட்டில் எல்லோரும் காலையில் பட்டாசுக் கம்பெனி வேன் ஏறுகிறவர்கள். நானும் கொஞ்ச காலம் ஏறினேன். பிறகு ஐ.டி.ஐ.யில் மெஷினிஸ்ட் படித்துவிட்டு இந்தப் பட்டறையில் சேர்ந்தேன். முதலில் கழுவுகிற வேலை, அப்புறம் அளக்கிற வேலை, அப்புறம் போரிங் மெஷின். தீபாவளி சீசனுக்கு முன்னால் லோடு லாரிகள் வாசலில் வரிசை கட்டும். பிஸ்டன் ஏறி இறங்கித் தேய்ந்த துளையைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, புது பிஸ்டன் போட்டு அனுப்புவோம். அதற்குப் பெயர்தான் ரீபோர். நான் தொழில் கற்ற கதை அவ்வளவுதான்.

எங்கள் முதலாளி தங்கவேல் அண்ணாச்சியைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடும். மனசு நன்றாக இருந்தால் என்னை “ஏ புள்ள” என்பார். ஏதாவது தப்பு நடந்தால் “செல்வராணி, நீங்க” என்று ஆரம்பிப்பார். “மேடம்” என்று வந்துவிட்டால் பட்டறையே தலையைக் குனிந்துகொள்ளும். ஆயிலே ஊற்றாமல் என்ஜினைப் பாழாக்கிக் கொண்டுவந்த ஒரு லாரி டிரைவரை அவர் “ஐயா, தாங்கள்” என்று விசாரித்தார். அந்த மனிதர் அழாத குறையாகப் போனார்.

அளவு விஷயத்தில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒருவர் மட்டும் அளந்தால் அது அளவே இல்லை. இரண்டு பேர் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒருவர் கண்டதை இன்னொருவரிடம் மூச்சு விடக்கூடாது. கடைசியில் இருவரும் எதிரெதிரே நின்று ஒரே நேரத்தில் எண்ணைச் சொல்ல வேண்டும். “முன்னாலயே காதுல விழுந்துட்டா கண்ணு அதைத்தான் பாக்கும்” என்பார். வெளியாட்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்களுக்குப் பழகிவிட்டது.

சரவணன் எங்கள் பழைய வாடிக்கையாளர். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற பிரஸ் அவருக்கு. பிரஸ் ஜெனரேட்டர் என்ஜின் எங்களிடம்தான் வரும். ஆனால் அவர் உயிர் இருந்தது கார்ப் பந்தயத்தில். விமானம் ஓடுகிற மாதிரியான நீள ஓடுதளத்தில் இரண்டு கார்கள் பக்கம் பக்கமாக நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் பாயும். முதலில் எல்லைக் கோட்டைத் தாண்டியவர் வெற்றி. சரவணன் தன் காரில் ஒரு பெரிய டர்போவை மாட்டியிருந்தார். அது காற்றை அமுக்கி என்ஜினுக்குள் திணிக்கும். அவ்வளவு அழுத்தத்தை, தெருவில் ஓடுவதற்காகக் கார் கம்பெனி வார்த்த ப்ளாக் எப்படித் தாங்கும்? ஒவ்வொரு பந்தயத்திலும் பாதி வழியில் துளைச் சுவர் பிளந்து வெள்ளைப் புகை கக்கி நின்றுவிடும்.

ஒரு நாள் பட்டறைக்கு வந்து உட்கார்ந்தார்.

“அண்ணாச்சி, அங்கன என்னையப் பாத்தாலே காதப் பொத்துதானுவ. ‘சிவகாசி வெடி வந்துருச்சு’ன்னு மைக்குலயே சொல்லுதாங்க. ரேசுக்குன்னே கெட்டியாச் செய்யுற ப்ளாக் வெளிநாட்டுல விக்கான். வாங்கிட்டேன். நீங்கதான் என்ஜின் கட்டித் தரணும்.”

“கோயம்புத்தூர்ல இதுலயே ஊறுன ஆளுக இருக்காகளே சரவணா?”

“அவுக செஞ்சு குடுத்துருவாக. நான் பக்கத்துல நின்னு பாக்க முடியாதுல்ல? எனக்கு அது எதுக்கு வெடிக்குதுன்னு தெரியணும் அண்ணாச்சி.”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். எதுக்கு என்று கேட்கிற வாடிக்கையாளரை அவர் திருப்பி அனுப்பியதே கிடையாது.

பெட்டி வந்தது. ப்ளாக் என்பது என்ஜினின் உடம்பு. மேலே பிஸ்டன்களுக்கான துளைகள், கீழே கிராங்க் என்கிற பெரிய தண்டு சுழல்வதற்கான இருக்கைகள், எல்லாம் அந்த ஒரே உடம்பில்தான். நாங்கள் பார்த்ததெல்லாம் கறுத்த இரும்பு. இது முழு அலுமினியம். துளைகளில் மட்டும் இரும்புக் குழாய் இறக்கியிருந்தது. இரும்பைத் தூக்குகிற நினைப்பில் நானும் சரவணனும் மூச்சைப் பிடித்துத் தூக்கினோம். அது பொசுக்கென்று மேலே வந்துவிட்டது. இருவரும் மல்லாக்க விழப் பார்த்தோம். அண்ணாச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“புதுசுதானக்கா, மாட்டிரலாமா?” என்றார் சரவணன்.

“மொதல்ல குளிப்பாட்டணும்” என்றேன்.

ப்ளாக்குக்குள் ஆயில் ஓடுகிற மெல்லிய வழிகள் உண்டு. அவற்றின் வாயை அடைத்திருந்த திருகுகளைக் கழற்றினேன். சோப்புத் தண்ணீரில் நீளமான பிரஷை விட்டு ஒவ்வொரு வழியையும் தேய்த்தேன். பிறகு காற்று அடித்து, வெள்ளைத் துணியைக் கம்பியில் சுற்றி உள்ளே விட்டு இழுத்தேன். துணியில் மினுமினுவென்று அலுமினியச் சீவல். செய்த இடத்தில் துளை போட்டபோது விழுந்தது, கப்பல் ஏறி எங்கள் ஊருக்கு வந்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் அலுமினியப் பொடி மத்தாப்புக்குப் போகும், வானத்தில் மின்னும். என்ஜினுக்குள் போனால் கிராங்கைக் கீறித் தள்ளிவிடும். துணி வெள்ளையாகவே வெளியே வருகிற வரைக்கும் கழுவினேன். சரவணன் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு துணியையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

அடுத்தது துளையைத் தேய்த்துச் சரியான அளவுக்குக் கொண்டுவருகிற ஹோனிங். இங்கே ஒரு சங்கதி இருக்கிறது. என்ஜினின் மேல்மூடியை வைத்து போல்ட்டுகளை முழு இறுக்கத்துக்கு இறுக்கினால், அந்த இழுப்பில் துளை கொஞ்சம் கோணும். கண்ணுக்குத் தெரியாது, பிஸ்டனுக்குத் தெரியும். அதனால் மூடிக்குப் பதிலாக ஒரு தடித்த இரும்புத் தகட்டை, பிஸ்டன் துளைகளுக்கு நேராக ஓட்டை போட்டு, அதே போல்ட்டுகளால் அதே இறுக்கத்துக்கு இறுக்க வேண்டும். கோணலான நிலையிலேயே துளையைத் தேய்த்து வட்டமாக்க வேண்டும். பிறகு மூடியை மாட்டும்போது வட்டம் வட்டமாகவே இருக்கும். அந்தத் தகட்டை எங்கள் லேத்திலேயே செய்தோம். நானும் அண்ணாச்சியும் அளந்து எதிரெதிரே நின்று எண்ணைச் சொன்னோம். நான்கு துளைக்கும், கீழே கிராங்க் இருக்கைகளுக்கும் ஒரே குரல். சரவணன் கைதட்டினார்.

என்ஜின் கட்டி முடித்து பட்டறையில் முதல் தடவை ஓடவிட்ட நாளை எப்படிச் சொல்வேன்! லாரி என்ஜின் இருமும், செருமும், பிறகு ஓடும். இது சாவி திருப்பிய மறுகணம் கூரைத் தகரத்தை அதிர வைத்தது. எனக்கு உள்ளங்காலில் இருந்து உச்சி வரைக்கும் சிலிர்த்தது.

காரில் மாட்டிய பிறகு வேகமாக ஓட்டிப் பார்க்க ஒரு இடம் வேண்டும். சரவணன் சொன்னார்: “அச்சங்குளம் பக்கம் ரோடு சும்மாதான கெடக்கு. அங்கன போவோம்.”

அண்ணாச்சி அவரை நிதானமாகப் பார்த்தார். “சரவணன் சார், உங்க வண்டி ஆக்சிலேட்டர விட்டா பின்குழாய்ல தீ கக்குமா, கக்காதா?”

“கக்கும்.”

“அச்சங்குளத்தச் சுத்தி என்ன இருக்கு?”

சரவணன் நாக்கைக் கடித்துக்கொண்டார். பட்டாசுக் கம்பெனி இருக்கிற ஊர்களில் பீடி பற்றவைக்கவே ஆட்கள் ஒதுங்கிப் போவார்கள். கடைசியில் ஆலங்குளத்துப் பக்கம், சுண்ணாம்புக்கல் எடுத்து முடித்த ஒரு தனியார் நிலத்தில் அனுமதி வாங்கினோம். சுற்றிலும் வெள்ளைப் பாறையைத் தவிர எதுவும் இல்லை.

முதல் ஓட்டம் அற்புதம். இரண்டாவது ஓட்டமும் அப்படியே. அதற்கடுத்த ஓட்டத்தில் சரவணன் பாதியிலேயே காரை நிறுத்திவிட்டு இறங்கினார். முகத்தில் ரத்தம் இல்லை.

“அக்கா, ஆயில் பிரஷர் விழுந்துருச்சு.”

ஆயில் பிரஷர் விழுந்தால் கிராங்குக்கும் அதைத் தாங்குகிற பேரிங்குக்கும் நடுவில் ஆயில் நிற்காது. உலோகமும் உலோகமும் உரசிப் பிடித்துக்கொள்ளும். பிறகு வெடிதான். ஓட்டத்தை நிறுத்தினோம். என்ஜின் ஆறிய பிறகு ஓடவிட்டால் பிரஷர் காட்டுகிற முள் ஜம்மென்று மேலே நின்றது. சூடு ஏற ஏறத் தளர்ந்து இறங்கியது.

“பம்பு கோளாறு” என்றார் அண்ணாச்சி. பம்பை மாற்றினோம். அதே கதை.

“அண்ணாச்சி, எனக்கென்னமோ பம்பு இல்லன்னு தோணுது. ப்ளாக்கு” என்றேன்.

“ரெண்டு பேரும் சேந்துதான அளந்தோம் செல்வராணி? நீங்களே அளந்தீக.”

“குளுந்துருக்கும்போது அளந்தோம். இது அலுமினியம். கிராங்க் எஃகு. சூட்டுல அலுமினியம் ரொம்ப விரியும். கிராங்க் அம்புட்டு விரியாது. கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவுல, நாம இரும்பு ப்ளாக்குக்கு விடுற இடைவெளியவே இதுக்கும் விட்டுட்டோம். சூடானதும் அது கெடந்து அகண்டு போகுது, ஆயிலெல்லாம் ஒழுகிருது.”

“அம்புட்டா அகலும்?”

“தெரியல. சூட்டுல அளந்தாத்தான் தெரியும்.”

அவர் கையைப் பஞ்சுத் துணியில் துடைத்தார். “சரிங்க மேடம். சூட்டுல அளந்து காட்டுங்க.”

மேடம் என்று வந்துவிட்டது. பட்டறையில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆனால் உள்ளுக்குள் ஒரு குஷி கிளம்பியது, ஏனென்றால் எனக்கு அந்தக் கேள்விக்கு விடை வேண்டும். கையில் பிடித்து அடிக்கிற கேஸ் டார்ச்சால் சூடாக்கினால் ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் இருக்கும். முழு ப்ளாக்கும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். எங்கே போவது?

“பேக்கரி” என்றார் சரவணன்.

நாங்கள் இருவரும் திரும்பினோம்.

“நம்ம கணபதி அண்ணன் பேக்கரில ஆள் ஒசரத்துக்குக் கரண்டு அடுப்பு வாங்கிப் போட்டுருக்காரு. உள்ள காத்தாடி சுத்தும். எல்லா எடத்துலயும் ஒரே சூடு. காலண்டர் குடுக்கப் போனப்ப பாத்தேன்.”

கணபதி அண்ணன் மாவுக் கையோடு வாசலுக்கு வந்து, ஆட்டோவில் துணி சுற்றி உட்கார்ந்திருந்த ப்ளாக்கைப் பார்த்தார்.

“இதையா வேக வைக்கணும்ங்கீக? எத்தன டிகிரி?”

“தொண்ணூறு போதும்ண்ணே” என்றேன்.

“தொண்ணூறா? அதுல ரஸ்க்குகூடக் காயாதே! சரி, பன்னுல ஆயில் வாடை அடிச்சா யாரு வாங்குவா?”

“கழுவிக் காய வச்சுக் கொண்டாந்துருக்கோம். உங்க தட்ட விட இது சுத்தம்.”

அவர் ப்ளாக்கை முகர்ந்து பார்த்தார். பிறகுதான் கதவைத் திறந்தார். மத்தியானம், காலைப் பன்னெல்லாம் கடைக்குப் போயிருந்த நேரம். ப்ளாக்கின் கீழ் இருக்கைகளில் பேரிங்குகளை வைத்து முழுசாக இறுக்கி உள்ளே தள்ளினோம். அதோடு கிராங்கையும் வைத்தோம். அளக்கிற கருவிகளும் அதே சூட்டில் இருந்தால்தான் வித்தியாசம் உண்மையாக வரும் என்றேன். முடியளவு வித்தியாசமும் காட்டுகிற மைக்ரோமீட்டரை அடுப்பில் வைப்பதா? கேட்டால் எந்த மெஷினிஸ்டும் அடிக்க வருவார். அண்ணாச்சி தன்னுடைய சொந்த மைக்ரோமீட்டரை, யாரையும் தொடவிடாத அதை, உறையிலிருந்து எடுத்து கிராங்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

எல்லாம் சூடேறும் வரைக்கும் காத்திருந்தோம். கணபதி அண்ணன் ஆளுக்கொரு தேங்காய் பன் கொடுத்தார். யாருக்கும் இறங்கவில்லை.

கதவைத் திறந்தேன். தடித்த கையுறை போட்டுக்கொண்டு நான் முதலில் கிராங்கை அளந்தேன், பிறகு பேரிங் துளையை. வியர்வை கண்ணில் இறங்கியது. முடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு ஒதுங்கினேன். கதவை மூடி மறுபடியும் சூடேற்றிய பிறகு அண்ணாச்சி அளந்தார். அவர் ஒரு தடவை அளந்தார், தலையை ஆட்டினார், இன்னொரு தடவை அளந்தார். மாவு மூட்டைகளுக்கு நடுவில் எதிரெதிரே வந்து நின்றோம்.

குளிர்ந்தபோது நாங்கள் வைத்த இடைவெளி ஐம்பத்தைந்து மைக்ரான். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

“எண்பத்தெட்டு” என்றேன் நான்.

“எண்பத்தொம்பது” என்றார் அவர், என் குரலோடு சேர்ந்தே.

கணபதி அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. சரவணன் மட்டும் “ஆத்தாடி!” என்று கத்தினார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒரு பையனுடைய சந்தோஷம் இருந்தது.

“ஏ புள்ள, இம்புட்டா விரியும்? இத்தன வருசம் இரும்பக் கட்டிக்கிட்டு அழுதிருக்கோம். இது உசுரு உள்ள சாமானுல்லா!”

அப்போதுதான் நான் அந்தத் தேங்காய் பன்னைத் தின்றேன்.

அதன் பிறகு வழி தெளிவு. கொஞ்சம் தடித்த பேரிங் போட்டால் குளிரில் இடைவெளி இறுக்கமாக இருக்கும். சூட்டில் விரிந்து சரியான அளவுக்கு வந்து நிற்கும். சரவணனே கோயம்புத்தூருக்குக் காரை விரட்டிப் போய் வாங்கி வந்தார். மாட்டினோம். ஆலங்குளத்துப் பாறைகளுக்கு நடுவே எத்தனை தடவை விரட்டினாலும் முள் அசையவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. சூடேறுவதற்கு முன்னால் என்ஜினை விரட்டக்கூடாது. குளிரில் இடைவெளி அவ்வளவு குறைவு. மிதித்தால் கிராங்க் பிடித்துக்கொள்ளும். ஆயில் சூடு எழுபது டிகிரியைத் தொட்ட பிறகுதான் ஆக்சிலேட்டர். இதைச் சரவணனிடம் சத்தியமே வாங்கினேன்.

பந்தயத்துக்கு நானும் அண்ணாச்சியும் போனோம். முதல் சுற்றில் எங்கள் கார் கோட்டுக்கு வந்ததும் மைக்கில் “சிவகாசி வெடி” என்றார்கள், கூட்டம் சிரித்தது. கார் வெடிக்கவில்லை. பாய்ந்து போய் எல்லையைத் தாண்டியது. அடுத்த சுற்றிலும் தாண்டியது. அதன் பிறகு சிரிப்பு நின்றது. இறுதிச் சுற்றுக்கு முன்னால் நீண்ட இடைவேளை என்றார்கள். என்ஜினை அணைத்தோம். ஓடுதளம் கடலுக்குப் பக்கம், காற்று வீசி ஆயில் ஆறிவிட்டது.

திடீரென்று அறிவிப்பு. வேறொரு பிரிவில் ஒரு கார் போட்டியிலிருந்து விலகிக்கொண்டதால் அந்த ஓட்டம் இல்லையாம். இறுதிச் சுற்று இப்போதே. எதிராளி பெங்களூர்க்காரர், அவர் கார் ஏற்கெனவே கோட்டில் உறுமிக்கொண்டு நின்றது.

சரவணன் தாவி ஏறி என்ஜினை எழுப்பினார். நான் ஜன்னல் வழியாகக் குனிந்து ஆயில் சூடு காட்டுகிற எண்ணைப் பார்த்தேன். நாற்பத்தைந்து.

கொடி பிடித்தவர் ஓடி வந்தார். “கார் உடனே கோட்டுக்கு வரணும். இல்லைன்னா அவர் மட்டும் ஓடி ஜெயிச்சதாக அர்த்தம்.”

“போறேன்க்கா!” என்று கத்தினார் சரவணன். “இம்புட்டு வந்துட்டுத் தோக்கவா?”

“சத்தியம் பண்ணுனீக!”

அவர் கை கியரைத் தொட்டது. அப்போது அண்ணாச்சி நடந்து போய் காருக்கு நேர் முன்னால் நின்றார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். கொடிக்காரர் அவரை இழுக்கப் பார்த்தார். அவர் அசையவில்லை. சரவணனைப் பார்க்கவில்லை, கொடிக்காரரைப் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐம்பத்தெட்டு. அறுபத்திரண்டு. கொடிக்காரர் கையைத் தலைக்கு மேல் தூக்கி விரலை மடக்கத் தொடங்கினார். “அக்கா, போதும்க்கா! விடச் சொல்லுங்கக்கா!” சரவணன் குரல் உடைந்தது. அறுபத்தாறு. இப்போதே கையைத் தூக்கிவிட்டால் யாரும் என்னைக் குறை சொல்லப் போவதில்லை. நான் கையைத் தூக்கவில்லை. அறுபத்தொன்பது.

எழுபது. கையைத் தூக்கினேன்.

அண்ணாச்சி ஒதுங்கினார். கார் அவர் வேட்டியை உரசிக்கொண்டு போய்க் கோட்டில் நின்றது. நின்ற மறுகணம் பச்சை. இரண்டு கார்களும் பாய்ந்த சத்தம் என் விலா எலும்பில் இடித்தது. பாதி தூரம் வரைக்கும் பெங்களூர்க்காரர்தான் முன்னால். அதன் பிறகு டர்போ முழு மூச்சு எடுத்தது. பழைய ப்ளாக் வழக்கமாகப் பிளக்கிற அதே இடம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சத்தம் உடையவில்லை, இன்னும் மேலே ஏறியது. எல்லைக் கோட்டில் சரவணனின் கார் ஒரு மூக்கு முன்னால் இருந்தது.

நான் குதித்தேன். அந்த வயதில், சேலையோடு, அத்தனை பேர் நடுவில் குதித்தேன். அண்ணாச்சி கொடிக்காரரின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். திரும்பி வந்த சரவணன் காரிலிருந்து இறங்காமல் ஸ்டியரிங்கில் முகத்தை வைத்து அழுதார். இறங்கியதும் அண்ணாச்சி காலில் விழப் போனார். “ஏலே, எந்திரிலே, வேட்டி அவுந்துரும்” என்றார் அவர்.

ஆனால் எங்களுக்குப் பந்தயம் அங்கே முடியவில்லை. என்ஜின் கட்டுகிறவர்களுக்கு முடிவு தெரிவது பிரித்துப் பார்க்கும்போதுதான். கோப்பை சரவணனின் பிரஸ்ஸுக்குப் போனது, என்ஜின் பட்டறைக்கு வந்தது. பேரிங்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தேன். பட்டறையில் அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

ஒரு கீறல் இல்லை. விபூதி பூசிய மாதிரி, எல்லாம் ஒரே சீரான சாம்பல் நிறம். கிராங்கும் பேரிங்கும் ஒரு தடவைகூட ஒன்றையொன்று தொடவில்லை. ஆயில் அவற்றைத் தாங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

அண்ணாச்சி ஒரு பேரிங்கை எடுத்து விரலால் தடவினார். இன்னொன்றை எடுத்தார். பிறகு நிமிர்ந்தார்.

“ஏ புள்ள, இந்த ப்ளாக் இதுக்கு மேலயும் தாங்கும். டர்போ அழுத்தத்த இன்னும் கொஞ்சம் ஏத்திப் பாப்பமா? அடுத்த ரேசு எங்க, என்னைக்குன்னு சரவணன்ட்டக் கேளு.”

நான் ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தேன்.